எழுத்தில் கேட்ட புண்ணியவதிக்கு

மதிப்பிற்குரிய மிஸ் கிளெண்டா ஆர்மராட் அவர்களுக்கு,

நானும் என் மனைவி ஹிலரியும் சுகம். நீங்களும் உங்கள் பூனைகள் இரண்டும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நம் பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் அடுப்புப் பிரிவு சூப்பர்வைசராக இருந்தும், சம்பளப் பிரிவுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். இதுவரை கத்தியதோடு சரி.

ஜனவரி எட்டாம் தேதி மேனேஜர் ஹேடோ என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்து, அரை மணி நேரம் மழையைப் பற்றியே பேசிவிட்டு, "நார்ரிஸ், உங்க தக்காளிச் செடிக்கெல்லாம் இனி கொஞ்சம் கூடுதலா நேரம் ஒதுக்கலாமே?" என்றார். என் மேல் இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போனேன். மறுநாளே பச்சைத் தக்காளி சட்னி ஒரு ஜாடி கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதர் வெளிறிப்போய் உங்களிடம் ஓடினார். நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

"நார்ரிஸ், உங்களுக்கு வேலை போயிடுச்சுன்னு தெரியுமா?"

"யாருக்கு?"

"சரியாப் போச்சு!" என்று நேரே அவர் அறைக்குப் போனீர்கள். "சார், வாங்கினவருக்கே தெரியலைன்னா அது என்ன நோட்டீஸ்? எழுத்துல குடுங்க. அன்னையிலேர்ந்துதான் கணக்கு."

அவர் எழுதி, கிழித்து, மறுபடி எழுதி, பதினைந்தாம் தேதிதான் கடிதம் கைக்கு வந்தது. வாயால் சொன்னது போதாதா என்று கேன்டீனில் உங்களைக் 'காகிதப் பூச்சி' என்று திட்டினேன். என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

பன்னிரண்டு வார நோட்டீஸ் ஏப்ரல் இரண்டில் முடிய வேண்டியது, ஒன்பதுக்குத் தள்ளிப்போனது. கேக்குக்கு முன்பே சொல்லியாகிவிட்டதால் இரண்டாம் தேதியே வழியனுப்பு விழா நடத்தி, பாட்டுப் பாடி, கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் நான் திரும்பவும் போய் நின்றால், ஒருத்தராவது ஏனென்று கேட்க வேண்டுமே! மரியாதைக்காரர்கள், சுவரைப் பார்த்து 'குட் மார்னிங்' சொன்னார்கள். வெட்கத்தில் துடைப்பம் வைக்கும் அறையில் ஒளிந்து டீ குடித்தேன். அங்கே வந்துதான் நீங்கள் சொன்னீர்கள்:

"ஆட்குறைப்புப் பணத்துக்கு வாரச் சம்பளம் எவ்வளவு வரைக்கும் எடுத்துக்கலாம்னு அரசாங்கம் ஒரு வரம்பு வெச்சிருக்கு. வருஷா வருஷம் ஏப்ரல் ஆறுல அதை ஏத்துவாங்க. உங்க கடைசி நாள் இப்ப அதுக்கு அப்புறம். புது வரம்பு உங்களுக்குத்தான்."

அந்தக் கூடுதல் தொகையில்தான் குளிர்காலமெல்லாம் செத்துக் கிடந்த, வீட்டைச் சூடாக்கும் பாய்லர் போய்ப் புதிது வந்தது. வீங்கிய மூட்டோடு கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கிய ஹிலரி, நேற்று அதைக் கழற்றி மாட்டிவிட்டு அழுதாள். "அந்தம்மாவுக்கு இன்னிக்கே எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். நீங்கள் நூறு வயசு நன்றாயிருக்க வேண்டும், பூனைகளும்தான்.

என்றும் நன்றியுள்ள,
நார்ரிஸ் என்ட்விசில்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஹேடோ வீட்டுக்கு வந்தார். மழை, தக்காளி, அரை மணி நேரம். "நீங்க இல்லாம அடுப்புப் பக்கமே ஒரு மாதிரி அமைதியா இருக்கு, நார்ரிஸ்" என்றார். "ரொம்ப நன்றி சார்" என்று ஒரு ஜாடி சட்னி கொடுத்து அனுப்பினேன். "ஐயோ, திரும்ப வேலைக்குக் கூப்பிட வந்த மனுஷன்!" என்று ஹிலரி தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் வேலையை ஒப்புக்கொண்டேனா, வேண்டாமென்றேனா? ஒப்புக்கொண்டிருந்தால் பாய்லரைக் கழற்றித் தர வேண்டுமா? ஹிலரி மறுபடியும் கோட்டைப் போட்டுக்கொண்டாள். தயவுசெய்து, அவரை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.