மாப்பிள்ளை வந்தார், கார் பாதி வந்தது

புதிதாக வாங்கும் சாமானைப் பற்றி ஊருக்குச் சொல்ல நல்ல நேரம் ஒன்று உண்டு. சாமான் வீட்டுக்குள் வந்து, நாலு பக்கமும் தட்டிப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு வருகிற நேரம் அது. இந்தச் சின்ன விஷயம் கல்யாண வயதில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் முகம் பச்சை நிறம் ஆகியிருக்காது, இதை எழுதவும் வேண்டியிருக்காது.

அப்போது நான் மொரீஷியஸின் தெற்கே, சவான் பகுதியில், ரிவியேர் தே ஸாங்கீ என்ற ஊரில் அப்பாவோடு கரும்பு போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய யுத்தம் முடிந்து சர்க்கரை விலை ஏறியிருந்த காலம். எங்களைப் போன்ற சின்னத் தோட்டக்காரர்கள்கூடத் தகரக் கூரை, தங்கப் பல் என்று கிளம்பியிருந்தார்கள். எனக்கு ரோஸ் ஹில்லில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் செல்லம்மா, தாயில்லாப் பெண். அவள் அப்பா துணிக்கடைக்காரர், வாய் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவருடைய அக்கா நாகம்மா இருந்தார். பெண்ணைத் தூக்கி வளர்த்தவர் அந்த அத்தைதான்.

பெண் பார்க்கப் போன அன்று அத்தைக்கு என்னைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. என் மீசை பிடிக்கவில்லை, ஊர் அதைவிடப் பிடிக்கவில்லை. "ரோஸ் ஹில்லுல வளந்த புள்ள, சவான் வரைக்கும் சாரெத்ல குலுங்கிக்கிட்டுப் போவணுமா?" என்று கேட்டார். சாரெத் என்றால் எங்கள் ஊரில் மாட்டு வண்டி. செல்லம்மா கதவு இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு எதிரே மாட்டு வண்டிக்காரனாக நிற்க எனக்கு மனசு வரவில்லை.

"இல்ல அத்தை. லோத்தோ சொல்லி வச்சிருக்கேன். சீமையில எனக்குன்னே செய்யறாங்க" என்றேன்.

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. (லோத்தோ என்றால் கார். பாவம், அதை வாங்கும் செய்தி அவருக்கும் அப்போதுதான் தெரியும். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போதுதான் தெரியும்.)

அத்தை என்னை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அப்ப மாப்பிள்ளை அழைப்புக்கு லோத்தோவுலதான் வந்து எறங்கணும். லோத்தோ இல்லன்னா பொண்ணு இல்ல" என்றார். ஆடி பிறப்பதற்கு முன்னால் முகூர்த்தம் குறித்தார்கள்.

அப்பாவைச் சம்மதிக்க வைத்த கதை தனி. அடுத்த வாரமே கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கொண்டு போர்ட் லூயிக்கு ரயில் ஏறினேன். ஏஜெண்டு ஒரு படப் புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கக் கருநீலக் கார், பளபளவென்று. படத்துக்குக் கீழே இரண்டு விலை போட்டிருந்தது, ஒன்று அதிகம், ஒன்று குறைவு. ஒரே காருக்கு ஏன் இரண்டு விலை என்று வேறு தேசத்துக்காரன் கேட்டிருப்பான். எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் சர்க்கரை ஆலையில் பெரிய தோட்ட முதலாளியின் கரும்புக்கு ஒரு விலை, நம் கரும்புக்கு ஒரு விலை. அது ஊரறிந்த வழக்கம். இங்கேயும் அதே வழக்கம்தான், ஆனால் முதல் தடவையாக நமக்குச் சாதகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சீமையிலாவது ஏழைக்கு நியாயம் இருக்கிறதே என்று கண்கூடக் கலங்கியது.

குறைந்த விலைமேல் விரலை வைத்தேன். ஏஜெண்டு பிரெஞ்சில் ஏதோ கேட்டார். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கூரை போலக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல டை கட்டிய கழுத்து இடம் கொடுக்கவில்லை. "வீ, முஸ்யே" என்றேன், ஆமாம் ஐயா என்று. இன்னொன்று கேட்டார். அதற்கும் "வீ" என்றேன். அவரும் எழுதிக்கொண்டார்.

பிறகு காத்திருந்தேன். உலகத்தில் யாரும் ஒரு காருக்காக அப்படிக் காத்திருந்திருக்க மாட்டார்கள். தூசிக் கண்ணாடி ஒன்றும் தோல் கையுறை ஒரு ஜோடியும் வாங்கினேன். கண் பழக வேண்டுமே என்று அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கரும்புக்குக் களை வெட்டினேன். கார் நிற்க இடம் வேண்டும் என்று தொழுவத்திலிருந்து மாட்டை வெளியேற்றினேன். மழை வரும்போதெல்லாம் அது நனைந்துகொண்டே என்னைப் பார்க்கும். ஊரில் ஒருவர் பேரனுக்குக் காது குத்தக் காரைக் கேட்டு வைத்தார். இன்னொருவர், தான் செத்தால் சுடுகாட்டுக்கு அதில்தான் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். யாருக்கும் நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஏஜெண்டிடம் போனால் அடுத்த கப்பல் என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுய்யாக் கடற்கரைப் பாறைமேல் நின்று கப்பல் தெரிகிறதா என்று பார்ப்பேன். கப்பல்கள் வடக்கே போர்ட் லூயிக்கு வரும், தெற்கே பனி உறைந்த தேசம் வரைக்கும் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை என்று பள்ளிக்கூட வாத்தியார் பிறகு ஒருநாள் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கப்பல் வந்தேவிட்டது. மாமன் மகன் சுப்பையாவைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினேன். அவன் ஆலையில் லாரி ஓட்டுகிறவன். எதற்கும் "பா காஸ் லாதெத்" என்பான். மண்டையை உடைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். ஆட்கள் பெரிய மரப்பெட்டியை உடைத்தார்கள். உள்ளே முன்பக்கம் எஞ்சின் இருந்தது. நாலு சக்கரம் இருந்தது, ஸ்டியரிங் வளையம் ஒன்று கம்பிமேல் நின்றது. மற்றபடி இரண்டு நீள இரும்புச் சட்டங்கள்தான். கதவில்லை, கூரையில்லை, உட்கார இடமில்லை. இன்னொரு பெட்டி எங்கே என்று கேட்டேன்.

இன்னொரு பெட்டி இல்லை. ஏஜெண்டு இந்தத் தடவை எங்கள் ஊர்ப் பேச்சான கிரியோலில் நிதானமாகச் சொன்னார். அதிக விலை முழுக் காருக்கு, குறைந்த விலை அடிப்பாகத்துக்கு மட்டும். மேல்பாகத்தைச் சிலர் இங்கேயே தச்சரிடம் செய்துகொள்வார்கள். நீங்களும் அப்படித்தானா என்று அன்றைக்கே கேட்டேனே, நீங்கள்தான் வீ என்றீர்களே என்றார். இப்போது மேல்பாகம் வேண்டுமென்றால் சில மாதம் ஆகுமாம்.

நான் அங்கேயே பெட்டிப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன். செல்லம்மா போய்விட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. கார் போனதெல்லாம் அப்புறம்தான். சுப்பையா வழக்கமானதைச் சொல்லிவிட்டு, சட்டத்தின்மேல் அதே பெட்டிப் பலகையைக் கட்டி, சர்க்கரை கட்டும் வக்குவா ஓலைச் சாக்கை விரித்து, "ஏறு" என்றான்.

ஊரில் மேளத்தோடு காத்திருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம், உடைக்கத் தேங்காய், எல்லாம் தயார். நாங்கள் போய் நின்றதும் மேளம் தானாக நின்றது. அப்பா ஒரு சுற்று சுற்றி வந்தார். "மாடு வாங்கப் போனவன் எலும்பு வாங்கிக்கிட்டு வந்திருக்கான்" என்றார். மாடு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனாலும் ஊர் என்றால் ஊர்தான். யாருடைய மானம் போனாலும் கோயில் ஆட்கள் கை கட்டி நிற்க மாட்டார்கள். மறுநாள் விடிந்ததும் மூங்கிலும் கலர்த் தாளும் பசையுமாக வந்துவிட்டார்கள். ஒரு கூரையும் இரண்டு பக்கச் சுவரும் போதும் என்று நான் கெஞ்சினேன். அந்தக் கைகளுக்கு வருஷா வருஷம் தைப்பூசத்துக்குச் சாமி சப்பரம் கட்டித்தான் பழக்கம். வேறு எதுவும் கட்டத் தெரியாது. மதியத்துக்குள் என் கார்மேல் ஒரு சப்பரம் எழும்பிவிட்டது. நாலு பக்கமும் வாழைக்கன்று, உள்ளே லாந்தர் விளக்கு, முன்னால் தோகை விரித்த மயில். மயில் மட்டும் வேண்டாம் என்றேன். பாதி ஒட்டியாகிவிட்டது என்றார்கள்.

உறவுக்காரர்கள் ரயிலில் முன்னாலேயே போய்விட்டார்கள். சுப்பையா ஓட்ட, நான் பட்டு வேட்டியும் மாலையுமாக நடுவே சம்மணம் போட்டு உட்கார, மேளக்காரர் இருவர் பின்னால் நிற்க, புறப்பட்டோம். வழியெல்லாம் வெயில்தான். கியூர்பிப் வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. (கியூர்பிப் மழையைப் பற்றித் தெரியாதவர்கள் மொரீஷியஸைப் பற்றித் தெரியாதவர்கள்.) சுப்பையா முன்பக்கத்துப் பூச்சரங்களையெல்லாம் திரை போல இறக்கிவிட்டான். பூவுக்குத் தண்ணீரைத் தடுக்கத் தெரியாது. கூரையின் பச்சைத் தாள் கரைந்து என் தலைமேல் ஒழுகத் தொடங்கியது. துடைக்கத் துடைக்கச் சாயம் சமமாகப் பரவியது. ரோஸ் ஹில் வருவதற்குள் நெற்றி முதல் கழுத்து வரை வாழை இலை நிறம் ஆகிவிட்டேன்.

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரம். தெருமுனையில் நாகம்மா அத்தை நாலு பெண்களோடு நின்று, லோத்தோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சுப்பையா திரும்பினான். மேளக்காரர்கள் நனைந்த மேளத்தை வெளுத்து வாங்கினார்கள். மயில் முன்னால் ஆடியது. லாந்தர் வெளிச்சத்தில், பூத்திரைக்குப் பின்னால், மாலை போட்ட ஒரு பச்சை முகம் அசையாமல் வந்துகொண்டிருந்தது. (அசைந்தால் பலகை சாய்ந்துவிடும்.) பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டுக்குள் ஓடித் தட்டும் கற்பூரமும் கொண்டுவந்தாள். சுப்பையா வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.

அத்தை கற்பூரத்தை ஏற்றி, எனக்கு மூன்று சுற்று சுற்றி, தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கைகூப்பினார். இறங்கிச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறக்கும்போது அவர் வேண்டத் தொடங்கிவிட்டார்.

"முருகா, அந்த லோத்தோ வரக்கூடாது. அந்தச் சவான்காரன் மூஞ்சிய நான் பாக்கக்கூடாது." குரல் உடைந்தது. "எம் புள்ளைய விட்டு நான் பிரியக்கூடாதுப்பா. பெத்தவ இல்லாத புள்ள. இந்தக் கைதான் சோறூட்டுச்சு."

அதுவரை அவரை நான் ஒரு சுங்கச் சாவடி என்றுதான் நினைத்திருந்தேன். பூவுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த அழுகையைக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கியூர்பிப் சளி வந்துவிட்டது. சாமி தும்மியது, பெரிய தும்மல். முன்னாலிருந்த மயிலின் தலை விழுந்துவிட்டது.

அத்தை கண்ணைத் திறந்தார். நான் பூவை விலக்கி, "அத்தை, நான்தான்" என்றேன்.

அத்தை சப்பரத்து லாந்தரைக் கழற்றி என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அப்புறம் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், மூங்கிலைத் தட்டிப் பார்த்தார்.

"லோத்தோ எங்க?"

"இதான் அத்தை. மேல் பாதி இன்னும் வரல."

அதற்குள் சத்தம் கேட்டு வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அப்பா கூட்டத்துக்குப் பின்னால் மறைந்து நின்றார். செல்லம்மா வேலிப் படலைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டாள். என் பச்சை முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு சிரிப்பை நான் எந்தப் பெண்ணிடமும் பார்த்ததில்லை.

அத்தை அவளைப் பார்த்து, "இதுலயாடி போவப் போற? கதவு உண்டா, கூரை உண்டா?" என்று கேட்டார்.

செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையை அளந்து பார்த்தாள். "கதவு வச்ச லோத்தோன்னா ரெண்டு பேரு, மூணு பேருதான் அத்தை. இதுல எவ்வளவு எடம் இருக்கு பாரு. நீயும் வா. நீ ஏறுனா நானும் ஏறுறேன்" என்றாள்.

அத்தை முந்தானையால் முதலில் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார், பிறகு அதே முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். சாயம் போகவில்லை. மறுநாள் பச்சை முகத்தோடுதான் தாலி கட்டினேன். கல்யாணம் முடிந்து சவானுக்குத் திரும்பும்போது பலகையின் நடுவில் அத்தை, ஒரு பக்கம் செல்லம்மா, மறுபக்கம் நான். நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாகச் சொல்லி வந்தவர், என் பிள்ளைகள் எல்லோருக்கும் சோறூட்டி, கடைசிவரை எங்கள் வீட்டிலேயே இருந்தார். மேல்பாகத்தை நான் வாங்கவே இல்லை. நீளமாகப் பலகை அடித்துவிட்டோம். கரும்பும் ஏறியது, உறவும் ஏறியது.

அந்தக் கதையை விசேஷங்களில் அத்தைதான் சொல்வார், வேறு யாரையும் சொல்ல விடமாட்டார். இப்போது அவர் இல்லை. செல்லம்மா அதே குரலில் சொல்கிறாள். "சாமிகிட்ட மூணு வேண்டுனேன். லோத்தோ வரக்கூடாதுன்னேன், முழுசா வரல. அவன் மூஞ்சியப் பாக்கக்கூடாதுன்னேன், பச்சையா இருந்துச்சு, பாக்கல. புள்ளைய விட்டுப் பிரியக்கூடாதுன்னேன்..." அந்த இடத்தில் செல்லம்மாவின் குரலும் கொஞ்சம் உடையும். உடனே கூட்டத்தில் பெரியவர் சின்னவர் எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைகூப்புவார்கள். நானும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணிவிடுவேன்.