ஆயிரத்து நாற்பத்தேழாம் திருத்தப் பெரும்போர்

வாழ்க ராஜகுரு! கருவேலங்காடு சூழ்ந்த கரிசல் நாட்டின் கணினிக் காவலர், அருப்புக்கோட்டை விதைக்கடைகளுக்கும் எண்ணெய் மில்களுக்கும் பில் போடும் மென்பொருள் சமைத்தளித்த வித்தகர், பந்தல்குடி சாலை உரக்கடை மாடியில் ஒற்றை அறைக்கு ஒப்பாரிலா வேந்தர், அவர் சுழல்நாற்காலிச் சிங்காதனம் வாழ்க!

அவ்வேந்தரின் செல்வமெல்லாம் பழைய சர்வர் ஒன்றில் இருந்தது. மென்பொருளில் செய்த ஒவ்வொரு திருத்தமும் எண்ணிடப்பட்டு, முதல் நாள் தொட்டு வரிசை குலையாமல் அதில் துயின்றது. அச்சர்வரின் ஹார்டு டிஸ்க்கோ சாகுந்தறுவாயில் கறகறவென முனகத் தொடங்கியது. அது மாண்டால் தம் பிழைப்பும் மாளுமென்றுணர்ந்த வேந்தர், திருத்தங்களை ஒவ்வொன்றாய்ப் புதிய சர்வரில் நகலெடுக்க ஆணையிட்டார். யானைப்படை ஆறு கடப்பதுபோல் அவை அணியணியாய்ச் சென்றன. ஆயிரத்து நாற்பத்தேழாம் திருத்தத்தின் முன் முழுப்படையும் மண்டியிட்டது. அது சிதைந்துபோயிருந்தது.

சீறினார் ராஜகுரு. விசைப்பலகை அதிர மறுபடி ஏவினார், அங்கேயே நின்றது. சர்வரை அணைத்தெழுப்பி ஏவினார், அங்கேயே நின்றது. ஊதுபத்தி கொளுத்தி, அதன் நெற்றியில் விபூதி பூசி ஏவினார், அங்கேயே நின்றது. ஏவுந்தொறும் முனகல் ஓங்கிற்று.

தொழிலிற் பங்காளியும் மனைவியுமான தீபலட்சுமி எதிர்மேசையிலிருந்து எழுந்து வந்தாள்.

"ஏங்க, அந்த ஒண்ண மட்டும் விட்டுருங்க. புதுசுல அதே நம்பர்ல காலியா ஒரு திருத்தத்தப் போட்டுட்டு, அடுத்ததுலருந்து இழுங்க. டிஸ்க்கு போயிருச்சுன்னா எல்லாம் போச்சு."

"விடுறதா? உசுரே போனாலும் அத விடமாட்டேன்!" என்று முழங்கினார் வேந்தர். கீழே உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன்கள் நிமிர்ந்து பார்த்தனர்.

"அப்படி என்னங்க அதுல இருக்கு?"

திருத்தத்தோடு எழுதி வைத்திருந்த குறிப்பைத் திரையில் அவளே வாசித்தாள். அண்டம் குலுங்கினும் விடேனென்று அவர் காத்துநின்ற அரும்பொருள், மென்பொருளின் முகப்பில் அவரே ஏற்றிய, கூலிங்கிளாஸ் அணிந்து கைகட்டி நிற்கும் அவருடைய திருவுருவப் படம். அதன்பின் அதை எவரும் தொட்டதில்லை. எந்தக் கடைக்காரரும் அதை ஏறெடுத்துப் பார்த்ததுமில்லை.

"இதுக்குத்தானா இவ்வளவு சத்தம்?" என்றாள்.

வேந்தர், வாள் தாழ்த்திய மன்னரென முகம் தொங்க, தம் திருவுருவம் நின்ற இடத்தில் வெற்றுத் திருத்தம் ஒன்றை நட்டு, ஆயிரத்து நாற்பத்தெட்டிலிருந்து தொடங்கினார். மடையுடைத்த வெள்ளமெனப் பாய்ந்தன எஞ்சியவை. கடைசித் திருத்தம் கரையேறவும் பழைய டிஸ்க் ஒரு விக்கலோடு அடங்கிற்று. ஆர்ப்பரிக்கச் சேனையேதும் இல்லாமையால், இரு கரமும் உயர்த்தித் தமக்குத் தாமே ஆர்ப்பரித்தார் ராஜகுரு.

தீபலட்சுமி தயிர் வாங்கக் கடைக்குப் போனாள்.