தாய்மாமன் தலையில் ஒரு வாளித் தண்ணீர்

புதுவாயல் மளிகைக்கடை வரதன் சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு, திருவாலங்காடு சுப்பராயன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் சம்சாரமும் எருமையும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்க வாய் கூசுகிறது. தலையோடு தண்ணீர் ஊற்றி அனுப்பியவர்கள் நாங்கள்தானே.

என் மகள் துர்காதேவி சென்னையில் வெடிமருந்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொல்லியிருந்தேன். அடிபட்டு உள்ளே விரிசல் விட்ட மருந்து லேசாகத் தட்டினாலே வெடிக்குமாம், கடுகளவு மருந்தின் மேல் எடையைப் போட்டுப் போட்டுப் பார்ப்பதுதான் படிப்பாம், எனக்கென்ன புரிகிறது, சோறு போட்டால் சரி என்று விட்டுவிட்டேன். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை எழிலரசனின் தாய்மாமனாக நீங்கள் வாசலில் சரவெடியை விரித்துக் குனிந்து, "ரயில்வே கேட்டாண்ட இந்த வெடி மூட்டை உழுந்து, அதுமேல டிராக்டரே ஏறிச்சு, ஒன்னும் ஆவல, அப்பேர்ப்பட்ட சரக்கு" என்று பெருமையாகச் சொன்னீர்களா, அவள் காதில் விழுந்துவிட்டது. "இன்னா மாமா, டிராக்டர் ஏறிச்சா?" என்றவள், கால் கழுவ வைத்திருந்த வாளியைத் தூக்கி வெடிமேலும் உங்கள்மேலும் வித்தியாசம் பார்க்காமல் கவிழ்த்துவிட்டாள். "என்னை நனைச்ச ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொட்டச் சொட்ட வேன் ஏறிவிட்டீர்கள். தம்பி வராமல் தாலி இல்லை என்கிறார் உங்கள் அக்கா. மகளோ ஒரு வாரமாகக் குழம்புக்கு உப்பே போடுவதில்லை. அந்தப் பையனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. மன்னிப்புக் கேளம்மா என்றால், "காலுல வோணா உழுறேன் நைனா, தண்ணி ஊத்துனது தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்கிறாள்.

ஆகவே நானே சொல்கிறேன். தப்பு, தப்பு, நூறு தப்பு. உங்கள் வெடி பத்தரைமாற்றுத் தங்கம். அவளுக்குப் படிப்பு முற்றிவிட்டது. பெரிய மனது செய்து வந்து தேதி குறியுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் சுப்பராயன்

பி.கு: இதை ஒட்டுமுன், பந்தலோரம் நனையாமல் கிடந்த உங்கள் வெடி ஒன்றைக் கல்லில் வைத்து, "பாரு, ஒன்னும் ஆவாது" என்று மகளுக்குக் காட்ட அம்மிக்குழவியைப் போட்டேன். எனக்கு இப்போது இடது புருவம் இல்லை. மிரண்டோடிய எருமையை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பிடித்து வந்தார்கள். மேலே கேட்ட மன்னிப்பு அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன். நான் எட்ட நின்று போட்டவன். அன்றைக்கு நீங்கள் வெடிக்கு நேராக முகத்தை வைத்துக் குனிந்திருந்தீர்கள். அவசியம் வாருங்கள் சம்பந்தி. கல்யாணத்துக்கு நாதஸ்வரம் மட்டும் போதும்.