பின்பலகை அண்ணன் எழுதச் சொன்னவை

தன் மனதில் ஓடுவதை லொறியின் பின்னால் எழுதிவைத்து ஊரையே படிக்கவிட்ட மனிதர் ஊவா மாகாணத்தில் ஒருவர்தான். இலங்கையிலேயே ஒருவர்தான் என்றும் சொல்வேன். மறுப்பவர்கள் அப்படி இன்னொரு ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வரட்டும், பேசிக்கொள்ளலாம். எழுபதுகளில் பதுளைக் கடைவீதியில் பெயர்ப்பலகை எழுதும் கடை வைத்திருந்தேன். அவர் மனதுக்கு இங்கிலீஷ் எழுத்துப் போட்டவன் நான்தான் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

லொறியின் பின்பக்கப் பலகையில் எழுதவைப்பவர் என்பதால் அவரை எல்லோரும் பின்பலகை என்றே கூப்பிட்டார்கள். நானும் 'பின்பலகை அண்ணே' என்பேன். வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு பதுளைக்கு லொறி ஓட்டுவார். அதற்கு முன்பு ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டியவர். அவருடைய இங்கிலீஷ் முழுவதும் அந்தக் காரின் பின்சீட்டிலிருந்து வந்து சேர்ந்ததுதான். துரை வெறுமனே கோபமாக இருந்ததே இல்லையாம். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மேல் கோபம் என்றால் 'ஆங்ரி வித் தி கிளார்க்'. மழையில் அலுப்பு என்றால் 'டயர்ட் ஆஃப் தி ரெயின்'. நாயின் மேல் பிரியம் என்றால் 'ஃபாண்ட் ஆஃப் தி டோக்'. துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது இவருக்கு விட்டுப்போன சொத்து இதுதான். வேறு இங்கிலீஷ் இவருக்குத் தெரியாது, தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை.

முதல் தடவை கடைக்கு வந்தபோது, 'டயர்ட் ஆஃப் லீக்ஸ்' என்று எழுதச் சொன்னார். லீக்ஸ் ஏற்றி ஏற்றி அலுத்துவிட்டதாம். 'டயர்ட்' என்று மட்டும் போட்டால் எழுத்தைப் பெரிதாக, அழகாக எழுதலாமே என்றேன். என் தொழில் புத்தி எனக்கு. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அலுப்பு, கோவம்னு மொட்டையா எழுதினா பின்னால வர்றவன் தன் மேலதான்னு நெனச்சுக்குவான் தம்பி. எது மேல, யாரு மேலன்னு கொளுக்கி போட்டு மாட்டிட்டா மத்தவங்க நிம்மதியா வருவாங்க."

ஆஃப், வித், அபவுட் எல்லாம் அவருக்குக் கொளுக்கிகள். கொளுக்கி இல்லாத சொல்லை எழுத அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

மார்க்கெட்டில் லீக்ஸை மொத்தமாக வாங்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் நானா. பலகையை யாரோ அவருக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள். தன் சரக்கையும் தன்னையும் சேர்த்து அவமானப்படுத்தியதாக அவர் குதித்தார். மறுநாள் பின்பலகை வந்து, லீக்ஸுக்குக் கீழே 'ஃபாண்ட் ஆஃப் நானா' என்று சேர்க்கச் சொன்னார். அலுப்பு காய் மேல், பிரியம் ஆள் மேல், இரண்டையும் குழப்பக்கூடாது என்பது அவர் வாதம். அதற்குப் பிறகு நானா கடைக்கு வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய் லொறியின் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

போலீஸ் கதை இன்னும் மோசம். ஒரு கான்ஸ்டபிள் காரணமில்லாமல் லொறியை மறித்து அரை நாள் வெயிலில் நிறுத்திவிட்டார். உடனே பின்பலகை வந்து, 'ஆங்ரி வித் போலீஸ்' என்று எழுது என்றார். அண்ணே, உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று கெஞ்சினேன். கொஞ்சம் யோசித்து, எல்லாப் போலீஸ் மேலயும் கோபம் இல்லை, அதுவும் நியாயம்தான் என்று 'ஆங்ரி வித் ஒன் போலீஸ்' என்று திருத்தினார். ஸ்டேஷனில் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஸ்டேஷன் பெரியவரே லொறியை நிறுத்தி, அந்த ஒரு போலீஸ் நான் இல்லையே என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

இப்படி ரோடு முழுக்கத் தெளிவாக இருந்த மனிதருக்கு வீடு மட்டும் விளங்கவில்லை. ஒருநாள் பாலம் ஒன்றில் டயர் வெடித்து, பாதி உருளைக்கிழங்கு ஆற்றோடு போனது. வீட்டுக்குப் போனவர் வாயைத் திறக்கவில்லை. மனைவி புஷ்பம் சோறு போட்டு வைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டார். என் மேல கோவமா என்று புஷ்பம் அக்கா கேட்டிருக்கிறார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

விடிந்ததும் என் கடைக்கு வந்து, 'ஆங்ரி வித் தி பிரிட்ஜ்' என்று எழுதச் சொன்னார். அப்போது கடையில் நின்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், 'வித்' என்பது ஆட்களுக்குத்தான், பாலத்துக்கு 'அபவுட்' போட வேண்டும் என்று பாடம் எடுத்தார்.

"பாலம் என்ன செஞ்சிச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதுங்க வாத்தியார். ஆளு மாதிரிதான் செஞ்சிச்சு" என்றார் பின்பலகை.

'வித்' என்றே எழுதினேன். அன்று மாலைக்குள் அவருக்கு யார் மேல் கோபம் என்பது பதுளை முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிய வேண்டிய ஒருத்தருக்கு மட்டும் தெரியவில்லை. புஷ்பம் அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு வெலிமடை ரோட்டில் இருந்த தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த அண்ணன் ஒருநாள் என் கடைக்கு வந்து, தங்கச்சி சொன்னதை அப்படியே ஒப்பித்தார். சந்தைக்குப் போகிறவனுக்கெல்லாம் எழுதிக் காட்டுகிறவர் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா, தான் என்ன அவர் லொறிக்குப் பின்னால் வருகிற பஸ்ஸா என்று கேட்டாராம். அவராக வந்து சொல்லாமல் திரும்பப்போவதில்லை என்பதுதான் முடிவு.

நேரில் போய்ப் பேசுங்கள் அண்ணே என்று பின்பலகையிடம் சொன்னேன். வாயால் சொல்ல வராது, எழுது என்றார். மன்னிப்புக்கு 'ஸொரி ஃபோர்' போடுவதா, 'ஸொரி அபவுட்' போடுவதா என்று எனக்கே குழப்பம். அவருக்குக் குழப்பமே இல்லை.

"ரெண்டு கொளுக்கியையும் போடு தம்பி. ஒண்ணு கழண்டாலும் இன்னொண்ணு புடிக்கும்."

'ஸொரி ஃபோர், ஸொரி அபவுட், புஷ்பம்' என்று சிவப்பில் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல எழுத்து நான் எழுதியதில்லை. தினமும் அந்த வழியாக ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார். ஒன்றும் நடக்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. வீடு ரோட்டிலிருந்து பிரியும் ஒற்றை மண்பாதையின் உச்சியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் லொறியின் கூரை மட்டும்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் லொறியில் ஏற்றிக்கொண்டார். பாதை பிரியும் இடத்தில் நிறுத்தி, பின்புறத்தை மேட்டுக்குத் திருப்பி ரிவர்ஸ் போட்டார். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்சுவர், லொறிக்கும் இரண்டுக்கும் நடுவே கை நுழைகிற இடம்தான். நேராக ஏற்றினாலே பயப்பட வேண்டிய பாதை அது.

"அண்ணே, முன்பக்கமா போகலாமே" என்றேன்.

"என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு, அவ பாக்க? பலகைதான் மொதல்ல போகணும்."

நான் இறங்கி, லொறி கீழே உருண்டுவிடாமல் சில்லுக்குக் கல் வைப்பதும் எடுப்பதுமாகப் பின்னால் நடந்தேன். இஞ்சின் நின்று நின்று போனது. சில்லு சேற்றில் சுற்றி என் வேட்டியெல்லாம் மண். மேலிருந்து அவர் மைத்துனர், அதுதான் புஷ்பம் அக்காவின் அண்ணன், சுவர் விழுந்துவிடும், நிறுத்துங்கள் என்று கத்தினார். பின்பலகை நிறுத்தவில்லை. மைத்துனரின் முட்டைக்கோசுப் பாத்தியில் பாதி சில்லுக்கு அடியில் போனது. அதற்கும் நிறுத்தவில்லை. கடைசியில் முற்றத்தில் தண்ணீர் கொட்டும் பீலிக்கு முன்னால், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த புஷ்பம் அக்காவுக்குக் கையெட்டும் தூரத்தில் பலகை போய் நின்றது.

அவர் நிமிர்ந்து எழுத்தைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. நான் படித்துச் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஈரக் கையைக் காட்டி மறித்தார்.

"நீங்க சொல்லாதீங்க தம்பி. எழுதச் சொன்னவரு எறங்கி வந்து சொல்லட்டும்."

அந்த மேட்டைப் பின்பக்கமாக ஏறிய மனிதருக்கு லொறியிலிருந்து இறங்க முடியவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முட்டைக்கோசுக்காரரும் பாத்தியை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார். பிறகு இஞ்சின் நின்றது. கதவு திறந்தது. தலையைக் குனிந்துகொண்டு வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஒன் மேல கோவம் இல்ல புஷ்பம். பாலத்து மேலதான். அங்கதான் டயரு வெடிச்சு கெழங்கெல்லாம் போச்சு. தட்ட தள்ளுனது தப்பு."

"பாலத்து மேலயா?"

"ஆமா."

"அத அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் சேந்து அந்தப் பாலத்த திட்டியிருப்பேனே."

சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்று மத்தியானம் மிச்சமிருந்த முட்டைக்கோசை வறுத்து எல்லோருக்கும் சோறு போட்டார்கள். திரும்பும்போது முன்சீட்டில் புஷ்பம் அக்கா உட்கார்ந்தார். நான் பின்னால் வெறும் சாக்குகளோடு வந்தேன்.

மறுவாரம் தூரிகையைக் கழுவி வைத்துக் காத்திருந்தேன். வந்தவர் பலகையில் பழைய எழுத்தை அழித்துவிடச் சொன்னார். இந்த வாரம் யார் மேல் கோபம், என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம் தம்பி. வீட்லயே சொல்லிட்டேன்."

அதோடு ஒரு நல்ல வாடிக்கையாளர் போய்விட்டார். பல வருடம் கழித்து லொறியை விற்றபோது, பின்பலகையை மட்டும் கழற்றி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அது இப்போதும் என் வீட்டில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்காருவதற்கு முன்பு அதைத் துடைத்து, 'ஃபாண்ட் ஆஃப்' என்று எழுதிவிட்டுத் தூரிகையோடு நின்றேன். அவருடைய சொந்தப் பெயரை நான் ஒருநாளும் கேட்டுவைக்கவில்லை. ஆனாலும் என் பிரியம் யார் மேல் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, அண்ணே.