கோழிகளுக்கு அன்புடன் சிறிதளவு

"சரிங்க, கோழிங்க தரப்புல என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. கூப்புட்டா வர்றாங்க, குடுத்தா சாப்புடறாங்க. முட்டைன்னு கேட்டா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கறாங்க."

உலக வரலாற்றில் இத்தனை மரியாதையோடு எந்தக் கோழியும் விசாரிக்கப்பட்டதில்லை. கிணத்துக்கடவை ஒட்டிய 'பசுந்தென்றல் கார்டன்' குடியிருப்போர் நலச்சங்கத்தின் அவசரக் கூட்டம் அது. கேட்டவர் ஐயாசாமி, ஓய்வுபெற்ற மில் மேலாளர். பதில் சொன்னவர் சங்கச் செயலாளர் தம்பிதுரை.

தம்பிதுரைக்குச் சோறு இறங்கவில்லை. 'வீட்டுக்கு வாரம் ஒரு நாட்டுக்கோழி முட்டை' என்ற வாக்குறுதியால்தான் அவர் தேர்தலில் வென்றிருந்தார். சங்க அலுவலகத்தின் புறக்கடையில் கூண்டு கட்டி, கோழிகளைக் கொண்டுவந்து இறக்கினார். முதல் மாதம் ஒழுங்காக முட்டையிட்டன. அப்புறம் அடியோடு நிறுத்திவிட்டு, நாடு கடத்தப்பட்ட இளவரசிகளைப் போல வேலியோரம் உலாத்தத் தொடங்கின. மாதக் கடைசியில் பொதுக்குழு. அதற்குள் முட்டை வராவிட்டால் பதவி போகும். பதவியோடு, மரநிழலில் 'செயலாளர்' என்று எழுதிய கார் நிறுத்துமிடமும் போகும்.

கால்நடை மருத்துவர் ஷைமா வரவழைக்கப்பட்டார். ஒரு கோழியைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன போடறீங்க?"

"தீவனந்தானுங்க டாக்டர்," என்றார் தம்பிதுரை.

"அது போக?"

அது போக, காலையில் ஐயாசாமி வீட்டு ரவா கேசரி. பிறகு அன்புச்செல்வி வீட்டு முறுக்கு. சாயங்காலம் மிக்சர், யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக். இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் விடும் பழக்கமே பசுந்தென்றல் கார்டனில் கிடையாது.

"உள்ள பூரா கொழுப்புங்க. முட்டை எங்கிருந்து வரும்? பலகாரத்த இன்னைக்கே நிறுத்துங்க. தீவனம் மட்டும் அளவாப் போடுங்க," என்றார் ஷைமா. அதற்குள் அவர் கையிலும் ஒரு தட்டு கேசரி வந்திருந்தது.

தம்பிதுரை உடனே நடவடிக்கையில் இறங்கினார். 'கோழிகளுக்கு எதுவும் போடாதீர்கள்' என்று பலகை எழுதச் சொன்னார். ஐயாசாமி, அன்புச்செல்வி உள்ளிட்ட நிர்வாகக் குழு கூடியது.

"போடாதீங்கன்னு மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லலாமுங்களா?" என்று ஐயாசாமி வருந்தினார். "'போடுவதைக் குறைத்துக்கொள்ளலாம்'னு எழுதுங்க."

"ஆசையாக் கொண்டுட்டு வர்றவங்க மனசு என்னாகும்? 'அன்புடன் சிறிதளவு'ன்னு சேத்துக்கங்க," என்றார் அன்புச்செல்வி.

"நன்றி சொல்ல வேண்டாமுங்களா?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

நாகரிகம் தழைக்கும் இடத்தில் ஒரு வாக்கியம் எப்படி முதிர்கிறது என்பதற்கு இதுவே சான்று. கடைசியில் பலகை இப்படி நின்றது: 'கோழிகளுக்கு அன்புடன் சிறிதளவு உணவு அளிப்போரை நன்றியுடன் வரவேற்கிறோம்.'

மறுநாள் கோழி இருப்பதையே அறியாதவர்கள்கூடத் தூக்குப்போசியில் பலகாரத்தோடு வந்தார்கள். கொழுத்த கோழிகளில் ஒன்று நடக்க முடியாமல் பலகையின் நிழலிலேயே படுத்துக்கொண்டது.

தம்பிதுரை மனம் கல்லாயிற்று. வாசல் கேட்டில் காவலுக்கு இருந்த செவ்வந்தியைக் கூப்பிட்டு, கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார்.

"அம்மணி, பொழுது வெளுத்ததுலிருந்து பொழுது எறங்கற வரைக்கும் கூண்டு பக்கத்துலயே நில்லுங்க. யாரு பலகாரங் கொண்டுட்டு வந்தாலும் ஊதிருங்க. அந்தண்ட இந்தண்ட போகப்படாது."

செவ்வந்தி நின்றார்; ஊதினார். கேசரி திரும்பிப் போனது, முறுக்கு திரும்பிப் போனது. அன்புச்செல்வி கொண்டுவந்த ஒரு போசி போண்டாவும் கூண்டை நெருங்க முடியவில்லை. அதை வீணாக்க மனமின்றி, குழு வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்தது. மதியம் மூன்று மணிக்கு 'உணவுக் கட்டுப்பாடு முழு வெற்றி' என்று தீர்மானம் நிறைவேறியது. "அதுங்களுக்கு அளவுத் தீவனம் போட்டாச்சுங்களா? பசி தாங்குமுங்களா?" என்று ஐயாசாமி கண்கலங்கக் கேட்டார். தம்பிதுரையின் ஒரு கையில் போண்டா, மறு கையில் சட்னிக் கிண்ணம். பொதுக்குழுவை எண்ணி வெகுநாள் கழித்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

வெயிலிலிருந்து செவ்வந்தி நிழலின் விளிம்பு வரை வந்தார்.

"ஏனுங்க சார், அதுங்க சாப்புட்டாச்சுங்க. நான் காத்தாலயிருந்து இன்னும் ஒண்ணும் சாப்புடலீங்க." கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி நீட்டினார். "ஊட்டுக்குப் போயி ஒரு வாய் தின்னுபோட்டு வாரேன். அதுவரைக்கும் இதக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?"