ரஷ்ய டீச்சரம்மா மேல் ஒரு புகார்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கள் தங்கை என்னைத் திட்டும் அளவுக்குச் சுகம், பட்டறையில் என் மில்லிங் மிஷின் மட்டும் சுகமில்லை. அங்கே உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்றும், குறையாவிட்டாலும் கடைக்குப் போகச் சொல்லும்போது மட்டும் கூடுகிறது என்றும் நம்புகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஐம்பத்து மூணு வயசான நான், டீச்சரம்மா வீட்டுக் கீழ்த்தளப் பால்கனியில், காயப்போட்டிருந்த ஈரப் போர்வைக்குப் பின்னால் இருபது நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருட இல்லை மச்சான், வேவு பார்க்க. மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் போர்வை புதுசு, நீலப் பூப் போட்டது, சாயம் நிற்காத ரகம். வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கை என் வெள்ளைச் சட்டையின் முதுகைப் பார்த்து, இதென்ன கறை என்றாள். மிஷின் ஆயில் என்றேன். "மிஷின் ஆயில் எப்ப இருந்து இதழ் விட்டுப் பூக்க ஆரம்பிச்சுது?" என்றாள். அன்று முதல் அவள் என்னைச் சந்தேகப்படுகிறாள், நான் டீச்சரம்மாவைச் சந்தேகப்படுகிறேன்.

விஷயம் உங்களுக்குப் பாதி தெரியும். ஆனால் புகார் என்றால் ஆதியிலிருந்து எழுத வேண்டும் என்று எங்கள் பட்டறை ஸ்டோர்காரர் சொல்கிறார். என் மிஷின் ரஷ்யாவில் செய்தது. இருபத்திரண்டு வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன். இப்போது அதில் சீவி எடுக்கிற இரும்புத் துண்டெல்லாம் பல் பல்லாக வருகிறது. மெயின் ஷாஃப்ட் வளைந்துவிட்டது, பழைய இரும்புக்குப் போடலாம் என்று ஊரே சொல்கிறது. இல்லை, இடது பக்கப் பேரிங்தான் என்று நான் ஒருத்தன் சொல்கிறேன். ஓட ஆரம்பித்து நாற்பது நிமிஷம் கழித்துத்தான் அது தட்டும். அதுவரை பரம சாது. யாரும் அவ்வளவு நேரம் நின்று கேட்பதில்லை. வியாழக்கிழமை மிஷின் செய்த கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வருகிறார், ரஷ்ய மொழி தவிர ஒரு வார்த்தை தெரியாதவர். அவர் தலையாட்டினால் மிஷின் பிழைக்கும், இல்லாவிட்டால் மிஷின் இரும்புக் கடைக்கு, நான் பட்டறைவாசலில் இரும்புத்தூள் கூட்டுகிற வேலைக்கு. "மிஷினோட வியாதி உனக்குத்தானே தெரியும், நீயே பேசு" என்று முதலாளி சொல்லிவிட்டார். சைகையில் காட்டலாமே என்பீர்கள். நாற்பது நிமிஷம் காத்திரு, பிறகு இடது பக்கம் தட்டும் என்று வீட்டில் சைகை செய்து பார்த்தேன். உங்கள் தங்கை எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முகத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை அடித்தாள்.

அப்போதுதான் நீங்கள், உங்கள் மனைவியின் பெரியம்மா மகள் கப்பல் கம்பெனியில் முப்பது வருஷம் ரஷ்யக் கடிதங்களை மொழிபெயர்த்து ஓய்வு பெற்றவர், இங்கேதான் இருக்கிறார், போய்ப் படியுங்கள் என்று சொன்னீர்கள். போனேன். எட்டு வாரம் ஆச்சு. மச்சான், உங்க சொந்தம்னு பாக்காம சொல்றேன், அந்தம்மாவுக்கு ரஷ்ய மொழி தெரியாது.

ஆதாரம் இல்லாம பேசல. நான் நாலாங்கிளாஸுக்கு மேல தாண்டாதவன், ஒத்துக்கிறேன், ஆனா போலியைக் கண்டுபிடிக்கிறதுதான் என் தொழில். எங்க பட்டறையில ஒரு துண்டை மூணு தடவை கேஜ் போட்டு அளந்தா மூணு தடவையும் ஒரே அளவு காட்டணும், மாறினா ஒண்ணு துண்டு தப்பு, இல்ல கேஜ் தப்பு. அதே மாதிரி டீச்சரம்மாவுக்கும் கேஜ் போட்டேன். முதல் பாடத்துல ஒரு வாக்கியம் சொல்லிக் குடுத்தாங்க, அக்கா தம்பிக்குப் பேனாவால கடிதம் எழுதுறாள். நைஸா நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன். அடுத்த வாரம் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி, அந்த அக்கா கதையை இன்னொரு தடவை சொல்லுங்கன்னேன். தம்பிக்கு முதல்ல வருது, அக்கா கடைசில வர்றா! மூணாவது வாரம் பேனா முன்னாடி வந்துடுச்சு. என்னம்மா, வாராவாரம் மாத்துறீங்களேன்னா, "எப்படி வேணா வைக்கலாம், எல்லாம் சரிதான்"ங்கிறாங்க. இதே பதிலை நான் முதலாளிகிட்ட சொல்லிப் பாக்கட்டுமா? இந்தத் துண்டு எட்டு இஞ்சா இருந்தாலும் சரிதான், ஒன்பது இஞ்சா இருந்தாலும் சரிதான்னு? வரிசை தெரியாதவங்க சொல்ற சாக்கு மச்சான் இது. அதோட, எட்டு வாரமா அந்த அக்கா ஒரே கடிதத்தைத்தான் எழுதிக்கிட்டிருக்கா. அப்படி என்னதான் எழுதுறாளோ, அதுவும் எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு.

இன்னொண்ணு கேளுங்க. ரஷ்ய மொழியில "நான் தொழிலாளி"ன்னா நான், தொழிலாளி, அவ்வளவுதானாம், நடுவுல ஒண்ணும் கிடையாதாம். ஸ்டோர்காரர்கிட்ட சொன்னேன். அவர் இங்கிலீஷ் பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காருறவரு. "அயல்நாட்டு பாஷைன்னா நடுவுல ஒரு ‘இஸ்’ இருக்கணும்யா, இஸ் இல்லாத பாஷை என்ன பாஷை? அந்தம்மா நம்ம தமிழுக்கே கோட்டு மாட்டி உன்கிட்ட வித்துக்கிட்டிருக்கு"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நேரா போய்க் கேட்டேன்.

"இஸ் எங்கம்மா?"

"வீட்ல நீங்க ‘நான் தொழிலாளியாய் இருக்கிறேன்’னா சொல்வீங்க?"

"இல்லீங்க."

"அப்ப ரஷ்யாக்காரங்க மட்டும் எதுக்குங்க மெனக்கெடணும்?"

பாருங்க, எவ்வளவு சாமர்த்தியம்! மாட்டினவங்கதான் இப்படி எதிர்க்கேள்வி கேப்பாங்க.

அப்புறம் வால். ஒவ்வொரு பேருக்கும் பின்னாடி ஆறு வால் இருக்காம், அக்காவை, அக்காவுக்கு, அக்காவோடன்னு வால் மாறிக்கிட்டே இருக்குமாம். ஒரு வால்ல முடிய வேண்டிய பாடத்தை ஆறா இழுக்கிறதுக்கு இது ஒரு வழி. சாமான்லயும் ஆம்பளை பொம்பளை உண்டாம். மேஜை ஆம்பளை, புத்தகம் பொம்பளை, ஜன்னல் ரெண்டும் இல்லையாம். போகட்டும்னா, என் மிஷினும் ஆம்பளைங்கிறாங்க! இருபத்திரண்டு வருஷமா "என்னடி செல்லம், இன்னைக்கு எண்ணெய் பத்தலையா"ன்னு கொஞ்சிக்கிட்டிருக்கேன் மச்சான், இப்ப எந்த முகத்தோட போய் எண்ணெய் போடுறது? ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு ரெண்டு வார்த்தை வேற, செஞ்சுக்கிட்டே இருந்தான்னா ஒண்ணு, செஞ்சு முடிச்சான்னா இன்னொண்ணு. எங்க பட்டறைக்கு முதல் வார்த்தை மட்டும் போதும், ரெண்டாவதுக்கு இதுவரைக்கும் வேலை வந்ததில்லைன்னேன். சிரிச்சாங்க. சிரிச்சே பேச்சை மாத்திட்டாங்க.

அதனாலதான் போர்வைக்குப் பின்னாடி நின்னேன். தனியா இருக்கிறப்போ என்ன பண்றாங்கன்னு பாக்கணும் இல்லையா? என்ன பண்ணாங்க தெரியுமா? தடிப் புத்தகம் ஒண்ணைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, அஞ்சு அட்டையை மேஜையில பரப்பி, முன்னுக்குப் பின்னா மாத்தி மாத்தி அடுக்கி, ஒவ்வொரு தடவையும் அதே நாலஞ்சு வார்த்தையை முணுமுணுன்னு சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தாங்க. தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு மச்சான் புத்தகம்? தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு ஒத்திகை?

மறுநாள் அந்த அஞ்சு அட்டையை என் கையில குடுத்தாங்க. நம்ம பட்டறைத் துண்டுகள்ல கட்டித் தொங்கவிடுற அட்டைதான், நான்தான் வாங்கிக் குடுத்திருந்தேன். பிரிக்கக் கூடாத ரஷ்ய வார்த்தைகளை ஒரே அட்டையில சேர்த்து, தமிழ் எழுத்துல பெருசு பெருசா எழுதியிருந்துச்சு. "நாப்பது நிமிஷம் கழிச்சு, இடது பேரிங், சத்தமா, தட்டுது, இந்த மிஷின்ல, எல்லாம் இதுல இருக்கு. வரிசை கலைஞ்சா பரவால்ல, வாலை மட்டும் கடிச்சு முழுங்கிடாதீங்க"ன்னாங்க.

என் முடிவைச் சொல்லிடுறேன். வியாழக்கிழமை இன்ஜினியர் முன்னாடி, முதலாளி முன்னாடி, அட்டையைச் சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கி வந்த வரிசையில வாசிக்கப் போறேன். அவர் முழிப்பார். டீச்சரம்மா சாயம் வெளுக்கும். ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, தங்கள் மனைவி வழி உறவினரிடம் நேரில் நியாயம் கேட்டு, இந்த எட்டு வார மோசடிக்கு ஒரு முடிவு கட்டும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம், இரண்டிலும் சேராத உங்கள் கடைசித் தம்பிக்கு ஒரு குட்டு.

இப்படிக்கு,
வஞ்சிக்கப்பட்ட தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் அடிக்க என் பேனாவில் மை போதாது, நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். கிழித்துப் போடலாம், ஆனா எழுதின கை இன்னும் வலிக்குது.

நடந்தது இதுதான். இன்ஜினியர் மிஷினை அஞ்சு நிமிஷம் ஓட்டினார், சத்தமே இல்லை. வந்த துண்டைப் பாத்தார், ஷாஃப்டைப் பாத்தார், உதட்டைப் பிதுக்கினார், பையில இருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார். ஸ்டோர்காரர் பேனா மூடியைக் கழட்டி நீட்டினார். அப்பத்தான் மச்சான், அந்தம்மாவுக்கு நிஜமாவே ரஷ்ய மொழி தெரிஞ்சிருக்கணுமேன்னு எனக்கு முதல் தடவையா அடிவயித்துல இருந்து ஒரு ஆசை வந்துச்சு. அட்டையைச் சரியா அடுக்கிடலாம்னு பாத்தா, காலையிலேயே நல்லா குலுக்கி வச்சிருக்கேன், எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியல. சரின்னு கையில வந்ததை வந்தபடி வாசிச்சேன். தட்டுது, இந்த மிஷின்ல, சத்தமா, நாப்பது நிமிஷம் கழிச்சு, இடது பேரிங். வாலை மட்டும் ஒண்ணு விடாம உச்சரிச்சேன்.

அவர் என்னை ஒரு தடவை பாத்தார். ஃபாரத்தை மடிச்சுப் பையில வச்சார். மிஷினை மறுபடி ஓட விட்டு, ஒரு மரப்பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டார். நாப்பத்தோராவது நிமிஷம் தட்டுச்சு. எந்திரிச்சு நேரா இடது பக்கம் போய்க் கையை வச்சார். வேற பேரிங் வருது, மிஷின் பிழைச்சுது, நானும் பிழைச்சேன். ஸ்டோர்காரர் பேனா மூடியை இன்னும் தேடிக்கிட்டிருக்கார்.

சாயங்காலம் டீச்சரம்மாவை வீட்டுக்குக் கூப்பிட்டு உங்க தங்கை காபி குடுத்தா. வரிசையைக் கலைச்சுச் சொல்லியும் அவருக்குப் புரிஞ்சுதேம்மான்னேன். "தெரியும். நீங்க எப்படியும் கலைப்பீங்கன்னு, எல்லா வரிசையிலயும் சொல்லிப் பாத்துத்தான் எழுதினேன்"னாங்க. நான் தரையைப் பாத்தேன். அவங்க ஜன்னல் வழியா துணிக்கொடியைப் பாத்தாங்க. அங்க என் வெள்ளைச் சட்டை, நீலப் பூக்கறை போகாத முதுகைக் காட்டிக் காஞ்சுக்கிட்டிருந்துச்சு.

அவங்க போர்வையில ஒரு பூ மட்டும் வெளுத்துப் போச்சுன்னு சொல்லிட்டு, காபிக்கு இன்னும் அரை ஸ்பூன் சர்க்கரை கேட்டாங்க.