விழுந்து கிடந்த ராஜா

மனைவியிடம் இனிப் பொய்யே சொல்வதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அன்று காலையில் முடிவெடுத்தார். உண்மையையும் சொல்வதில்லை என்று சேர்த்தே முடிவெடுத்தார். காரணம், அவருடைய சட்டைப் பைக்குள் ஒரு ராஜா இருந்தார்.

சாதாரண ராஜா இல்லை. உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட அந்தச் சாம்பியன் செஸ் போட்டியின் கடைசி ஆட்டத்தில், தோற்றவர் தன் கையாலேயே சாய்த்துவிட்டு எழுந்து போனாரே, அந்தக் கறுப்பு ராஜா. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே ரேடியோவில் தலையை முட்டிக்கொண்டு கேட்ட ஆட்டம் அது. ஜெயித்தவருக்காக இவர் துள்ளிக் குதித்தார். தோற்றவருக்காக அவள் மூக்கைச் சிந்தினாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இவருக்கு இன்னும் தெளியவில்லை. அந்தப் போட்டியின் நுழைவுச் சீட்டு, சுவரொட்டி, ஆட்டக்காரர் குடித்ததாகச் சொல்லப்பட்ட காபிக் கோப்பை என்று ஒவ்வொன்றாக வந்து முன்னறையை அடைத்துக்கொண்டன.

கடைசியாக வந்தது ஒரு நாற்காலி. போட்டி நடந்த அரங்கில் யாரோ உட்கார்ந்து பார்த்த நாற்காலி. இனி யாரும் உட்காரக் கூடாது என்று குறுக்கே சிவப்புக் கயிறு கட்டி ஜன்னலோரம் வைத்துவிட்டு, பக்கத்தில் தான் தரையில் உட்கார்ந்து ரசித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தன் தையல் மெஷினைப் போடலாம் என்றிருந்த மனைவி அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள்.

"இனிமே ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளியே போகணும். எதுன்னு நான்தான் சொல்வேன்."

எதைச் சொல்வாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நாற்காலியைத்தான்.

ஆகவே திட்டம் தீட்டினார். அலமாரியின் மேல் ஒரு செஸ் பலகை உண்டு. அந்தக் கடைசி ஆட்டம் முடிந்த நிலையிலேயே, சாதாரணக் கடைக் காய்களை அதில் அடுக்கி வைத்திருந்தார். அதிலிருந்த கறுப்பு ராஜாவை எடுத்துப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு, அதே கட்டத்தில் அசல் ராஜாவைப் படுக்க வைத்தார். அதே உயரம், அதே நிறம். அவளுக்கா தெரியப்போகிறது? அவளுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவரே இவர்தான். பார்த்துப் பார்த்து, துல்லியமாகப் போட்டுக் கொடுத்தோம் என்பது மட்டும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்தப் பலகையில் ஒரு நெடுநாள் சண்டை நடந்துவந்தது. தூசி தட்டும்போதெல்லாம் அவள் படுத்திருக்கும் ராஜாவை எழுப்பி நிறுத்திவிடுவாள். சாயங்காலம் இவர் வந்து படுக்க வைப்பார்.

"தோத்தவன் படுத்துத்தாம்மா கிடக்கணும். அதான் முறை."

"விடிஞ்சா எழுந்திருக்க வேண்டாமா, பாவம்?"

ஆனால் அன்று மாலை ராஜா படுத்தே கிடந்தார். மறுநாளும் அப்படியே. மற்ற காய்களெல்லாம் பளபளத்தன. ராஜாவை மட்டும் யாரும் தொடவில்லை.

"என்ன, இன்னிக்குத் தூசி தட்டலையா?"

"தட்டினேனே."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"சும்மான்னா சாப்பிடுங்க. ஆறுது."

சாப்பாடு இறங்கவில்லை. கடையில் ஒருவருக்கு இடக்கண் வில்லையை வலக்கண்ணில் மாட்டி அனுப்பினார். தெரிந்துவிட்டதோ என்று முதலில் பயந்தார். பிறகு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. இத்தனை வருஷம் தோற்றவனைத் தூக்கி நிறுத்தியவளுக்கு என்ன ஆயிற்று? என்னோடு சண்டை போடக்கூட அலுத்துவிட்டதா? நாற்காலி போனால் போகட்டும் என்று அவருக்கே முதல்முறையாகத் தோன்றியது.

"ஏம்மா, ராஜாவை ஏன் எழுப்பல?"

அவள் தையலை நிறுத்தினாள். "எந்த ராஜாவை?"

"அந்தக் கறுப்பு..."

"அவரு பெரிய இடம். புதுசா வந்திருக்காரு. நான் எப்படித் தொடறது?"

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு நீங்க குளிக்கக் கழட்டிப் போட்ட பேன்ட்டை வாஷிங் மெஷின்ல போட்டேன். உள்ள லொடலொடன்னு ஒரே சத்தம். திறந்து பார்த்தா, நம்ம ராஜா முழுக்க நனைஞ்சு கிடக்காரு."

நூல்கண்டுகளுக்கு நடுவில் பழைய ராஜா குளித்து முடித்த களையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"நான் கேட்டா மழுப்புவீங்க. நீங்களா கேட்டா உண்மை தன்னால வரும். அதான் கையை வைக்காம விட்டேன். சரி, ஒண்ணு வந்தாச்சு. இப்ப ஒண்ணு போகணுமில்ல?"

"நாற்காலியா?" என்று ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நாற்காலிதான். ஜன்னலை விட்டுப் போகணும். அங்க என் மெஷின் வரும். பக்கத்துல நாற்காலி."

"பக்கத்துலயா? எதுக்கு?"

"நீங்க உக்காரத்தான். இத்தனை நாளா அதுகிட்டயே உக்காந்திருந்தீங்க. கொஞ்சம் என்கிட்டயும் உக்காருங்க."

இவளிடமா ஒளித்தோம் என்று வெட்கமாக இருந்தது. அவளுடைய கத்தரிக்கோலாலேயே சிவப்புக் கயிற்றை வெட்டினார். மெஷினை ஜன்னலோரம் நகர்த்தி, நாற்காலியைப் பக்கத்தில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ராஜாவும் தப்பினார், நாற்காலியும் தப்பியது. ஆட்டத்தில் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார்.

"வெளிச்சம் நல்லா இருக்கில்ல?"

"பிரமாதம்!"

"அப்ப இந்தாங்க" என்று பட்டன் இல்லாத சட்டைகள் ஒரு கூடை நிறைய மடியில் வைத்தாள். ஊசியைக் கையில் கொடுத்துவிட்டு அலமாரிப் பக்கம் போனாள். அசல் ராஜாவைத் தூக்கி நிமிர்த்தி நிறுத்தினாள்.

நாற்காலியில் இருந்த இவரை மட்டும் எழுப்புவதாக இல்லை.